இறால் ஓட்டுக் கரைசல் பயிரின் எதிர்ப்புச் சக்தியை எழுப்புமா?

உப்பூரான்:
தொண்டியிலும் மண்டபத்திலும் கழிவாகக் குவியும் இறால் ஓட்டில் உள்ள கைட்டின் என்ற உறுதியான பொருள்தான் பூஞ்சைகளின் செல் சுவரிலும் இருக்கிறது. நெல்லின் செல் மேற்பரப்பிலுள்ள சீபிப் என்ற ஏற்பி (வெளியிலிருந்து வரும் பொருளை உணரும் புரதம்) அந்தக் கைட்டின் துணுக்குகளைப் பற்றிக்கொள்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். பற்றிய சில நிமிடங்களில் செல்லுக்குள் கால்சியம் பாய்ந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு சுரந்து, செடியின் எதிர்ப்பு விழித்துக்கொள்கிறது. ஆகவே ஓட்டின் கைட்டினை மாற்றிச் செய்யும் கைட்டோசானை வாரந்தோறும் தெளித்தால், பூஞ்சை வருமுன்பே பயிர் தயாராகிவிடும். முண்டு மிளகாயின் பழ அழுகலுக்கு மருந்தடித்தே ஓய்ந்துபோனவர்களுக்கு இது கைகொடுக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆற்றங்கரை வாசகி:
அண்ணன் சொல்லும் அடிப்படை சரி. 'வாரந்தோறும்' என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பாதுகாப்பு ஓயாமல் இயங்கும் வகையில் மரபணு மாறிய அரபிடாப்சிஸ் (ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் சிறு செடி) செடிகள் குட்டையாகவே நின்றுவிடுகின்றன, ஏனெனில் வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்தைப் பாதுகாப்பு தின்றுவிடுகிறது. அதனால்தான் செடி தன் ஏற்பிகளுக்கே தடைகளும் வைத்திருக்கிறது. பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை: நெல் குலைநோய்ப் பூஞ்சை, எஸ்எல்பி1 என்ற புரதத்தைச் சுரந்து, தன் கைட்டின் துணுக்குகளை ஏற்பிக்கு எட்டாதபடி மறைத்துவிடுகிறது.

உப்பூரான்:
அந்தப் புரதம் பூஞ்சை உள்ளே நுழைந்த பிறகுதானே வேலை செய்யும்? நான் சொல்வது அதற்கு முந்தைய நிலை. ஆனால் இடைவெளியைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். பூக்குமுன் ஒருமுறை, காய் பிடிக்கும்போது ஒருமுறை என்று குறைத்துக்கொள்கிறேன்.

ஆற்றங்கரை வாசகி:
நம் கரையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மாசியில் என் கொல்லையில் விடிந்ததும் பாத்தி ஓரம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். மிளகாய் இலையின் விளிம்பு கருகி உள்நோக்கிச் சுருண்டிருக்கும். உப்பையும் வறட்சியையும் தாங்குவதற்குச் செடி அப்சிசிக் அமிலம் என்ற தன் ஹார்மோனைக் கூட்டுகிறது. நெல்லில் அந்த அமிலம், நோயெதிர்ப்புக்கான சாலிசிலிக் அமிலத்தின் வழியை அடக்கிக் குலைநோய்க்கு இடம் கொடுக்கிறது. மிளகாயும் அப்படியே நடந்துகொண்டால், உவர் நீர் பாய்ச்சிக்கொண்டே கரைசல் தெளிப்பது ஒரு கையால் எழுப்பி மறு கையால் படுக்க வைப்பதாகிவிடும்.

உப்பூரான்:
அப்படியானால் நல்ல தண்ணீர்ப் பாத்தியிலும் உவர்ப் பாத்தியிலும் நான்கு நான்கு வரிசை தெளித்து, பக்கத்து வரிசைகளுக்கு வெறும் தண்ணீர் விட்டுப் பார்க்கிறேன்.

ஆற்றங்கரை வாசகி:
வெறும் தண்ணீர் போதாது, அண்ணே. கைட்டோசானைக் கரைக்க அசிட்டிக் அமிலம் சேர்ப்பீர்கள். அதே அளவு அமிலம் கலந்த தண்ணீரைத் தெளித்தால்தான், வேலை செய்தது கைட்டோசானா அமிலமா என்பது தெரியும்.