ஆசையை விடச் சொன்ன புத்தர் வீட்டுக்கடனுக்கு என்ன சொல்வார்?

பாலக்கோட்டுக்காரன்:
வணக்கம். எனக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை, வீடு பாலக்கோட்டில். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்தை மூடிவிட்டு, "ஆசையே துன்பத்துக்குக் காரணம்னு புத்தர் சொல்லியிருக்காரே, அப்புறம் ஏன்ப்பா மாடி கட்ட லோன் போடுறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அவள் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. எனக்குப் பதில் வரவில்லை. அரசமரம், நான்கு உண்மை, எட்டு வழி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததோடு சரி. குடும்பஸ்தனுக்குப் புத்தர் ஏதாவது சொன்னாரா, இல்லை எல்லாமே துறவிகளுக்குத்தானா? நம்ம பக்கம் பௌத்தம் இருந்ததா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மொரப்பூர் ஜங்ஷன்:
பாப்பா சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். லோனை கேன்சல் பண்ணிவிடுங்கள் சார், மாசாமாசம் தவணை மிச்சம்.

காவேரிப்பட்டணத்தான்:
தம்பி, நான் வேலைக்காலம் முழுக்க ஒரு வங்கியில் நகைக்கடன் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். ஜூன் மாதம் பள்ளி திறந்தால் போதும், தோடு, மூக்குத்தி வரைக்கும் தராசில் ஏறும். அதனாலோ என்னவோ, பௌத்தம் படிக்க ஆரம்பித்தபோது கடனைப் பற்றி என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தேடினேன்.

இருக்கிறது. சிராவஸ்தியில் அனாதபிண்டிகர் என்று ஒரு பெரிய வியாபாரி. ஜேதவனம் என்ற தோப்பை வாங்கிப் புத்த பிக்குகளின் சங்கத்துக்குக் கொடுத்தவர். குடும்பஸ்தனுக்கு நான்கு சுகம் என்று அவரிடம் புத்தர் சொல்கிறார். நேர்வழியில் உழைத்துச் சேர்த்த பொருள் கையில் இருப்பது. அதைத் தானும் அனுபவித்து தர்மமும் செய்வது. சின்னதோ பெரியதோ யாருக்கும் கடன்படாமல் இருப்பது. பழி பாவம் இல்லாமல் நடப்பது. கடைசிச் சுகத்தோடு ஒப்பிட்டால் மற்றவை பதினாறில் ஒரு பங்குகூடப் பெறாது என்கிறார். எங்கள் காலத்துக் கணக்கில் ரூபாய்க்கு ஓரணா. ஆனால் பொருளே வேண்டாம் என்று அந்த வியாபாரியிடம் அவர் சொல்லவில்லை, பாருங்கள்.

ராஜகிருகத்தில் சிகாலன் என்று ஒரு வாலிபன். அப்பா சாகும்போது சொன்னாரே என்று விடியற்காலையில் குளித்து, ஈரத்துணியோடு ஆறு திசையையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான். கும்பிடு, ஆனால் எது திசை என்று தெரிந்து கும்பிடு என்கிறார் புத்தர். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், கீழே வேலையாட்கள், மேலே துறவிகள். வேலையாளுக்கு முதலாளி செய்ய வேண்டியதையும் சொல்கிறார்: தெம்புக்குத் தகுந்த வேலை, சாப்பாடும் கூலியும், உடம்புக்கு முடியாதபோது கவனிப்பு, நல்ல பண்டம் வந்தால் அதில் பங்கு, நேரத்துக்கு லீவு. ஷிப்டில் வேலை செய்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே பேச்சில் வருமானத்துக்கும் கணக்கு உண்டு. நான்கில் ஒரு பங்கு செலவுக்கு, இரண்டு பங்கு தொழிலுக்கு, நான்காவது ஆபத்துக்கு ஒதுக்க. உங்கள் தவணை அந்த நான்காவது பங்கைத் தின்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தொழில் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி ஆசை. புத்தர் 29 வயதில் வீட்டை விட்டுப் போய், ஆறு வருஷம் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகி, இது வழியில்லை என்று கண்டு சுஜாதை கொடுத்த பால்சோற்றைச் சாப்பிட்டவர். ஞானம் பெற்றபின் சாரநாத்தில் ஐந்து பேரிடம் முதலில் சொன்னதே அதுதான்: சுகத்திலேயே புரள்வதும் வேண்டாம், உடம்பை வதைப்பதும் வேண்டாம். துன்பத்துக்குக் காரணம் என்று அவர் சொன்னது, கிடைத்ததும் அடுத்ததைத் தேடி ஓடுகிற வேட்கையை. எட்டு வழியில் ஐந்தாவது நல்ல பிழைப்பு. ஆயுதம், உயிர்கள், மாமிசம், போதை, விஷம் ஆகியவற்றை விற்றுப் பிழைக்காதே என்று தொழில் வாரியாகச் சொல்லியிருக்கிறார். சம்பாதிக்கவே கூடாது என்பவர் எதற்கு இந்தப் பட்டியல் போடுகிறார்? பாப்பாவிடம் இதைக் கேளுங்கள்.

தகடூர் தம்பி:
அண்ணா, நம்ம அதியமானே பௌத்தர்தானே! அசோகர் கல்வெட்டிலேயே வருகிறாரே.

கல்வெட்டுக் கிறுக்கன்:
அவசரப்படாதீர்கள் தம்பி. அசோகரின் 2ஆம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியரோடு சதியபுதோ என்றும் வருகிறது. அது யார் என்று ரொம்ப நாள் சண்டை. 1981இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில், நம்ம கிருஷ்ணகிரி அணையைத் தாண்டிப் போகிற அதே தென்பெண்ணைப் பக்கம், "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி" என்று தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. அதியமான் மரபுதான் என்பது அதோடு உறுதியானது. ஆனால் பாளி என்பது துறவிகளுக்குக் கொடுத்த குகை உறைவிடம். தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவை பெரும்பாலும் சமணருடையவை. அசோகர் அங்கே பேசுவதும் மனிதருக்கும் கால்நடைக்கும் வைத்தியம், மூலிகை, வழிநெடுகக் கிணறு, மரம். மதம் மாறியதாக ஒரு எழுத்தும் இல்லை.

புத்தரைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து மாவட்டம் போங்கள். ஆத்தூரைத் தாண்டி, தலைவாசல் பக்கம் தியாகனூரில் உட்கார்ந்திருக்கிறார். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாகக் கும்பிட்ட சிலை புத்தர்தான் என்று 2022இல் உயர்நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பாலக்கோட்டுக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை தியாகனூர் கிளம்புகிறோம். காவேரிப்பட்டணத்து ஐயா, தொழில் பட்டியலை மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ கவர்மென்ட்டே பிராந்திக்கடை வச்சிருக்கே?" என்கிறாள். இதற்கும் நீங்களே ஒரு பதில் போடுங்கள்.