குசாட்சு வெந்நீர் ஊற்றும், அம்மாவின் முழங்கையும்

ஜப்பானின் வெந்நீர் ஊற்று ஊர்களில் கினோசாகி, ஹகோனே போய் வந்தவர்கள் நம் குழுவில் நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். குசாட்சுவை யாரும் தொடவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

டோக்கியோவில் என்னோடு தங்க வந்திருந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. "சுடுதண்ணி ஊத்து இருக்காமே, அங்க ஒருதரம் கூட்டிட்டுப் போயேன்டி" என்று அவரேதான் கேட்டார். அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். செங்கல்பட்டு திருமணியில் இருக்கிற தொழுநோய் மருத்துவமனையில்தான் அவருடைய பணிக்காலத்தில் பெரும்பகுதி கழிந்தது.

உவேனோவிலிருந்து குசாட்சு-ஷிமா விரைவு ரயிலில் நாகனோஹரா-குசாட்சுகுச்சி வரை சுமார் இரண்டரை மணி நேரம், அப்புறம் பஸ்ஸில் அரை மணிக்குள். கும்மா மாகாணத்து மலையில், கிட்டத்தட்ட 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். மார்ச் கடைசியிலும் தெருவோரமெல்லாம் பனி குவிந்து கிடந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினதுமே கந்தக வாடை.

நம் ஊர்களில் தெப்பக்குளம் இருப்பதுபோல் இங்கே ஊர் நடுவில் யுபதாகே என்ற பெரிய வெந்நீர் ஊற்று. நிமிடத்துக்குச் சுமார் 4,000 லிட்டர் வெந்நீர் தானாகப் பொங்கி, ஏழு மரவாய்க்கால்கள் வழியாக ஓடுகிறது. ஓடும்போதே சூடு தணியட்டும் என்றுதான் அந்த வாய்க்கால்கள். பச்சைத்தண்ணீர் கலந்து ஆற்றினால் மருந்துக் குணம் போய்விடும் என்பது இந்த ஊர்க்காரர்களின் உறுதியான எண்ணம். அதனால்தான் தொட்டியில் நீண்ட பலகைகளை விட்டுத் துழாவி ஆற்றும் 'யுமோமி' பழக்கமும் வந்தது. நெட்சு-நோ-யு என்ற கட்டடத்தில் பெண்கள் பாடிக்கொண்டே அதைச் செய்து காட்டுகிறார்கள். பார்ப்பவர்களும் பலகை பிடித்துப் பார்க்கலாம். அம்மா பிடித்தார். ஆளுயரப் பலகை, நல்ல கனம்.

தண்ணீரின் பி.எச். அளவு 2 சொச்சம். எலுமிச்சைச் சாற்றுக்குப் பக்கத்தில் வரும். இந்த அமிலம் அப்படியே ஆற்றில் இறங்கினால் மீன் பிழைக்காது, பாலத்தின் கான்கிரீட்டும் அரித்துப்போகும். அதனால் 1964 முதல் ஊருக்குக் கீழே இரவு பகலாகச் சுண்ணாம்புப் பாலை ஆற்றில் கலந்துகொண்டே இருக்கிறார்கள்.

விடுதிக்காரம்மா எங்களுக்கு யுகாத்தா என்ற பருத்தி அங்கி கொடுக்கும்போது அம்மாவின் கால்விரலைப் பார்த்துவிட்டார். மெட்டியைக் காட்டி, கழற்றச் சொல்லிச் சைகை செய்தார். இந்தத் தண்ணீர் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். தாலிச் சங்கிலியையும் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போறப்ப எத்தனை தரம் கழட்டியிருக்கேன், இதுல என்ன" என்று அம்மாவே கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்தார்.

ஆடையில்லாமல் எல்லார் முன்னாலும் குளிப்பது பற்றிக் குழுவில் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஆற்றில்கூடப் பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு குளித்தவர் அம்மா. துணி மாற்றும் அறையில் சிறிது நேரம் துண்டோடு உட்கார்ந்திருந்தார். வயதான பெண்கள் அவரவர் பாட்டுக்கு வந்து போவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

நாங்கள் போனது யுபதாகேயை ஒட்டியிருக்கும் ஷிராஹத்தா-நோ-யு. கட்டணம் கிடையாது, சோப்பு கிடையாது, மரத்தொட்டி மட்டும். சூடோ சூடு. தொட்டியோரம் குந்தி உட்கார்ந்த அம்மா முழங்கையை மடக்கி, அதன் முனையை மட்டும் தண்ணீரில் நனைத்துப் பார்த்தார். பிறகு மறுபக்க முழங்கை. அப்புறம்தான் கை.

பக்கத்தில் இருந்த உள்ளூர்ப் பாட்டி, ஏன் அப்படிச் செய்கிறார் என்று என்னிடம் கேட்டார். அம்மாவிடம் கேட்டுச் சொன்னேன். தொழுநோயில் கை, கால் நரம்பு செத்துப்போனால் சூடு தெரியாது. கொதிக்கிற பாத்திரத்தைப் பிடித்துவிட்டு, கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்துகொள்வார்கள். உணர்ச்சி மிச்சமிருக்கிற முழங்கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி அம்மா நோயாளிகளுக்குப் பழக்கியிருக்கிறார். சொல்லிச் சொல்லி அது அவருடைய பழக்கமாகவும் ஆகிவிட்டது.

பாட்டி அம்மாவின் தோளில் மரக்கரண்டியால் தண்ணீர் மொண்டு ஊற்றினார். முதலில் பிடரியிலும் தலையிலும் நிறைய ஊற்றிக்கொண்டால்தான் உள்ளே இறங்கும்போது தலை சுற்றாது. "மூணு நிமிஷம் போதும், ஏறிடணும்" என்று விரலால் காட்டினார். ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது சொன்னார்: "அந்த நோயாளிகள் இந்த ஊருக்குத்தான் நடந்து நடந்து வந்தார்கள். இன்னும் சிலர் இங்கே இருக்கிறார்கள். உங்கள் அம்மாவை அங்கே அழைத்துப் போங்கள்."

மறுநாள் காலை போனோம்.

இந்தத் தண்ணீர் தோல் நோய்க்கு நல்லது என்று பெயர். அதை நம்பி ஜப்பான் முழுவதிலிருந்தும் தொழுநோயாளிகள் வந்தார்கள். 1887-ல் அவர்களை யுனோசாவா என்ற பகுதிக்கு ஒதுக்கினார்கள். ஒதுக்கின இடத்திலும் அவர்கள் சொந்தமாக விடுதி, கடை நடத்தி, வரி கட்டி வாழ்ந்தார்கள். 1916-ல் மேரி கார்ன்வால் லீ என்ற ஆங்கிலேய மிஷனரி அம்மையார் வந்து அவர்களோடு பாடுபட்டார். 1932-ல் குர்யூ ரகுசென்-என் என்ற அரசுக் காப்பகம் திறந்தது. 1941-ல் யுனோசாவாவையே கலைத்துவிட்டார்கள்.

அந்தக் காப்பக வளாகத்தில்தான் 'ஜூகான்போ' என்ற தண்டனை அறைகள் இருந்தன. எதிர்த்துப் பேசினவர்களையும் தப்பிக்கப் பார்த்தவர்களையும் நாட்டின் மற்ற காப்பகங்களிலிருந்தும் இங்கே கொண்டுவந்து பூட்டினார்கள். "குசாட்சுவுக்கு அனுப்பிவிடுவோம்" என்பது அந்தக் காப்பகங்களில் மிரட்டல். 1938 முதல் 1947 வரை 93 பேர் அடைபட்டார்கள், 23 பேர் இறந்தார்கள். மலைக்குளிரில் கணப்பு கிடையாது. 2014-ல் திறந்த அருங்காட்சியகத்தில் அந்த அறையை அதே அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். தரையோடு தரையாக ஒரு சின்னத் திறப்பு. சாப்பாட்டை அதன் வழியாகத் தள்ளுவார்களாம்.

அம்மா அந்தத் திறப்பின் முன்னால் உட்கார்ந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "விரல் மடங்கிப்போனவங்க தட்டை எப்படிடீ இழுத்திருப்பாங்க?" என்றார். எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி அது.

வெளியே வந்து நிறையப் பேசினார். அமிலத் தண்ணீர் மேல்புண்ணை ஆற்றியிருக்கலாம், ஆனால் கிருமி நரம்புக்குள்ளும் இருக்கிறது. உணர்ச்சியற்ற காலை இந்தச் சூட்டில் வைத்து எத்தனை பேர் புதுப்புண் வாங்கியிருப்பார்களோ என்று அவருக்கு ஆற்றாமை. 1940-களிலேயே தொழுநோய்க்குச் சல்ஃபோன் மருந்து வந்துவிட்டது. நோயாளிகளைப் பிரித்து வைக்கும் சட்டமோ ஜப்பானில் 1996 வரை இருந்தது. 2001-ல் குமாமோட்டோ நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது, அரசு மேல்முறையீடு செய்யவில்லை. "நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுது? 1898-ல வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தை 2016-லதானே எடுத்தாங்க" என்றார் அம்மா. அவர் சொன்னது சரிதான்.

குசாட்சு அழகான ஊர். இரவு விளக்கு வெளிச்சத்தில் யுபதாகேயின் ஆவியைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், சூடான மன்ஜூ (இனிப்புப் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த பண்டம்) சாப்பிடலாம், சாய்னோகவாரா பூங்காவில் நடக்கலாம். எல்லாம் செய்யுங்கள். கூடவே ஒரு காலைப் பொழுதை அந்த அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அனுமதி இலவசம். முன்னாள் நோயாளிகளான முதியவர்கள் இன்னும் குடியிருக்கிற இடம், அதனால் வீடுகளைப் படம் எடுக்காதீர்கள்.

முழங்கால் வலி போனதா என்று கேட்பவர்களுக்கு: அன்று இரவு அம்மா நன்றாகத் தூங்கினார், வலி போய்விடவில்லை. அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இதே ஆபத்துதான். காலை முதலில் இறக்க விடாதீர்கள். நீங்கள் தொட்டுப் பார்த்த பிறகு இறக்கச் சொல்லுங்கள், வெளியே வந்ததும் விரல் இடுக்குகளைத் துடைத்துக் கொப்புளம், சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இதை எழுதச் சொன்னது அம்மா.