நீண்ட பைக் பயணத்தின் கடைசி நாள்: மனசை விட்டுப் போகாத ஒன்று

மூணாவது கியர்:
லடாக் போய் வந்தவர்களுக்கு ரூட் சொல்லத் தேவையில்லை, நேராகக் கடைசி நாளுக்கு வருகிறேன். அனந்தபூர் லாட்ஜிலிருந்து விடியுமுன் கிளம்பினோம், நாலு வண்டி. பெங்களூர் ஹெப்பால் டிராஃபிக்கில் கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை மரத்தேபோனது. ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரியில் ரோடு பிரியும், இரண்டு பேர் சேலம் வழியாகக் கோவைக்கு, நாங்கள் இரண்டு பேர் சென்னைக்கு. பிரிவதற்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தி, படம் எடுத்து, அப்புறம் போகலாம் என்று முந்தின ராத்திரியே பேசி வைத்திருந்தது. முன்னால் போன கோவைக்காரன் நிற்கவே இல்லை. பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்து விரட்டிக்கொண்டிருந்தது, உண்மைதான். இடது கையைக் கொஞ்சம் தூக்கினான், அவ்வளவுதான், சேலம் ரோட்டில் போய்விட்டான். மணாலி-லே ரோட்டில் தாண்டி என்கிற ஊர் பங்க்கில் "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்" என்ற போர்டைப் பார்த்துப் பயந்துபோய்க் கட்டிய பெட்ரோல் கேன், எலாஸ்டிக் கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து அவன் வண்டியில் ஆடிக்கொண்டே போனது. அதே ரோட்டில் மலை உச்சி மாதிரி உயரத்தில் இருக்கிற சர்ச்சுவில் எனக்குத் தலை வெடிக்கிற மாதிரி வலித்த ராத்திரி முழுக்க டென்ட்டில் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன். ராத்திரி வாட்ஸப்பில் "ரீச்டு" என்று வந்தது. நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன். கோபமா என்றால் இல்லை. ஆனால் கிருஷ்ணகிரி வழியாகப் பஸ்ஸில் போனால்கூட அந்த இடத்தில் முழித்துக்கொள்கிறேன்.

நெல்லைக்காத்து:
எங்களுடையது ஸ்ரீநகர் டு கன்னியாகுமரி, என்எச் 44 முழுசாக, 3700 கிலோமீட்டருக்கு மேல். ஜூலை மாதம். பஞ்சாப் மழை, நாக்பூர் பக்கத்து டைவர்ஷன் எல்லாம் பார்த்தாகிவிட்டது, மதுரையிலிருந்து குமரி என்ன பெரிய தூரம் என்று எல்லாரும் ரிலாக்ஸ். நாங்குநேரி, வள்ளியூர் வரை பேசிக்கொண்டே வந்தோம். பணகுடி தாண்டியதும் ஆரம்பித்தது காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குப் பருவக்காற்று, அங்கே சும்மாவா அத்தனை காற்றாலை நட்டு வைத்திருக்கிறான். வண்டியை வலது பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் நேராகப் போகிறது. அதற்குக்கூடப் பழகிவிடலாம். வலது லேனை விட்டு நகராத ஒரு லாரியை இடது பக்கமாக ஏறினேன். லாரி மறைக்கிற வரைக்கும் காற்றே இல்லை, சாய்ந்திருந்த வண்டி லாரிச் சக்கரத்தை நோக்கி இழுக்கிறது, நிமிர்த்தினேன். லாரி முகப்பைத் தாண்டிய அந்த நொடி, கன்னத்தில் அறைந்த மாதிரி. வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணுக்கு இரண்டு சாண் முன்னால்தான் வண்டி கட்டுக்கு வந்தது. எதிரே காற்றாலை இறக்கை பாட்டுக்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கூட வந்தவர்கள் யாரும் பார்க்கவே இல்லை. குமரியில் 133 அடி வள்ளுவர் தெரிய குரூப் போட்டோ எடுத்தோம், அதில் என்னைப் பார்த்து எல்லாரும் "ஏன் மாப்ள பேயறைஞ்ச மாதிரி நிக்குற" என்கிறார்கள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான்.

பழைய புல்லட்:
வலது கால் கியர் போட்ட காலத்திலிருந்து ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மேலே கிருஷ்ணகிரித் தம்பி, இதெல்லாம் ஒரு விஷயமா? ஹைவேயில் பஸ் விரட்டும்போது நின்று கட்டிப்பிடித்தால்தான் நட்பா? அவர் செய்ததுதான் சரி. நெல்லைத் தம்பி, இடது பக்கம் ஏறியதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, உங்களுக்கே தெரியும்.
என் கதை சின்னது: ஒருமுறை ஹிமாச்சலிலிருந்து திரும்பும் கடைசி நாள், வாலாஜாபேட்டை பக்கம் கூட வந்தவரின் பின் டயர் வெடித்தது. ஆள் தப்பித்தார்.
இனி கவனியுங்கள். மலையில் கல்லுக்காகவும் மணலுக்காகவும் டயரில் காற்றை இறக்குகிறீர்கள். கீழே வந்ததும் ஏற்ற மறக்கிறீர்கள். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கி விரிகிறது, அந்த உழைப்பே சூடு, அதன்மேல் சமவெளி வெயில், அதன்மேல் லக்கேஜ், வெடிக்காமல் என்ன செய்யும்? காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கிற அளவைப் பார்த்துக் காற்று பிடியுங்கள், பாரத்தோடு ஓட்டுவதற்கு அதில் தனி அளவு இருக்கும். செயின் தொய்வு பாருங்கள், 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய், மழையில் நனைந்தால் அன்றைக்கே. கடைசி நாளுக்குத் தூரத்தைக் குறைத்து வையுங்கள், எல்லாரும் அன்றைக்குத்தான் 700, 800 என்று வைக்கிறார்கள், திங்கட்கிழமை ஆபீஸாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நேர் ரோட்டில் கண் திறந்தபடியே தூங்குவீர்கள், அரை மணி நேரம் மரத்தடியில் படுத்துவிட்டு ஓட்டினால் ஒன்றும் குறைந்துவிடாது. தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் வரவில்லை என்றால் குடிக்கவில்லை என்று அர்த்தம். ஹெல்மெட் வைசரைத் துடையுங்கள். இன்னும் நிறைய இருக்கிறது, கேட்டால் எழுதுகிறேன்.

ஆம்பூர் கணக்குப்பிள்ளை:
அண்ணே, யாரும் கேட்கவில்லை.
சரி, என்னுடையது. பயணம் முழுக்க ஒரு பொதுப் பர்ஸ், பெட்ரோல், லாட்ஜ், பஞ்சர் எல்லாம் அதில்தான், நோட்டு என் கையில். கடைசி நாள் வாணியம்பாடியில் வெயில் தாங்காமல் ஆம்பூரில் பிரியாணிக்கு உட்கார்ந்தோம். சீரகச் சம்பா, கத்திரிக்காய்த் தொக்கு, இலையில் ஆவி பறக்கிறது. அப்போதுதான் ஒருவர் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "கார்கில்ல நான் ரூம் எடுக்கலையே, நண்பன் வீட்லதானே தங்கினேன், அதுல ஏன் என் பங்கு இருக்கு?" என்றார். 340 ரூபாய். நியாயமான கேள்விதான், எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் இன்னொருத்தன் சிரித்துக்கொண்டே, "அப்போ ஜோஜிலா கணவாய்ல உங்க வண்டியை நாங்க தள்ளினதுக்கும் கணக்கு எழுதலாமா அண்ணா?" என்று கேட்டுவிட்டான். அவர் கை அப்படியே இலையில் நின்றது. தொக்கைக்கூடத் தொடவில்லை. ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை டம்ளருக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் வண்டியை எடுத்தார். ஆம்பூரிலிருந்து பூந்தமல்லி வரை எங்களுக்கு முன்னால் தனியாகவே ஓட்டினார், நாங்களும் முந்தவில்லை. அதற்குப் பிறகு பேசுகிறோம், ஒன்றாக டீ குடிக்கிறோம், ஆனால் பயணம் பற்றிப் பேச்சு வந்தால் அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்.

பழைய புல்லட்:
இதனால்தான் கணக்கை அன்றன்றைக்கு ராத்திரியே முடிக்க வேண்டும் என்பது.

ஈசிஆர் ராணி:
கார்கில், ஜோஜிலா எல்லாம் பெரிய ஆட்கள் விஷயம். நாங்கள் நாலு பெண்கள், சென்னையிலிருந்து கடலோரமாகவே குமரி போய் அப்படியே திரும்பினோம். போகும்போது மரக்காணத்தில் உப்பளத்துக்கு எதிரே ஒரு ஓலைக்கடையில் டீ. திரும்பும்போது மூன்று பேர்தான், ஒருத்திக்கு நாகப்பட்டினத்தில் வீட்டிலிருந்து போன் வந்து அப்படியே ரயில் ஏறிவிட்டாள், வண்டி பார்சலில் வந்தது. அதே கடையில் நிறுத்தினோம். கடைக்கார அம்மா எங்களைப் பார்த்ததும், "குமரி போய்ட்டு வந்துட்டீங்களா பாப்பா" என்று கேட்டுக்கொண்டே கேட்காமலே நாலு கிளாஸ் ஆற்றி வைத்துவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. "இன்னொரு பொண்ணு எங்க, வண்டி பின்னாடி வருதா?" என்றார். வருகிறாள் என்று சொல்லிவிட்டாள் எங்கள் லீடர், ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை கேட்கவில்லை. அந்த அம்மா நாலாவது கிளாஸ் மேல் ஒரு தட்டை மூடி வைத்தார், ஆறிடக் கூடாதாம். கிளம்பும்போது நாலு டீக்குத்தான் காசு கொடுத்தோம்.

மூணாவது கியர்:
@பழைய புல்லட் அண்ணே, கட்டிப்பிடிக்கச் சொல்லவில்லை. டீக்கடையில் நிறுத்துவதாகப் பேசினோம், அதைத்தான் சொல்கிறேன். உங்கள் டயர் விஷயம் உபயோகமாக இருந்தது.

சாவடிச் சந்து:
எல்லாரும் மனசைப் பிழிகிறீர்கள். டூவீலருக்கு நேஷனல் ஹைவேயில் டோல் கிடையாது, இடது ஓரம் ஒரு சந்து விட்டிருப்பான், தெரியும்தானே. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கடைசி டோல், வீடு ஒரு மணி நேரம், நண்பர்கள் மூன்று பேரும் முன்னால் பறந்துவிட்டார்கள். என் இரண்டு பக்கச் சேடில் பேக்கும் அந்தச் சந்தில் போய்ச் சிக்கிக்கொண்டது, முன்னாலும் போகாது பின்னாலும் வராது. எனக்குப் பின்னால் பால் கேன் வண்டி, கல்யாணத்துக்குப் போகிற குடும்பம், ஒரு டெலிவரிப் பையன். அவ்வளவு மலை ஏறியபோது வராத அழுகை அங்கே வந்தது. டோலில் இருந்த பையன் ஓடிவந்தான், நான் பதற்றத்தில் பர்ஸை எடுத்து நீட்டிவிட்டேன். "அண்ணே, காசெல்லாம் வேணாம், முதல்ல காலை எடுங்க, உங்க காலுதான் கம்பியில மாட்டியிருக்கு."