அலர் தூற்றும் ஊர்: தலைவி கெட்டியா, தோழி கெட்டியா?

மேடைப்பித்தன்:
சென்னையில் ஒரு கல்லூரித் தமிழ் மன்றத்துக்காக 12 நிமிட நாடகம். தலைவி, தோழி என்று இரண்டே பேர். தலைவியின் ரகசியக் காதலைப் பற்றி ஊர் வம்பு பேசுகிறது. ஒத்திகையில் இருவரும் ஒரே குரலில் புலம்புகிறார்கள். வித்தியாசத்தை எதில் பிடிப்பது?

நெய்தல்காரி:
முதலில் அம்பல் வேறு, அலர் வேறு. இறையனார் களவியல் என்ற அகப்பொருள் இலக்கண நூலின் உரைப்படி அம்பல் மொட்டு, வாய்விட்டுச் சொல்லாத முணுமுணுப்பு. ‘இன்னானுக்கும் இன்னாளுக்கும்’ என்று பெயர் வைத்துப் பேசிவிட்டால் அலர். நற்றிணை 149-இல் பெண்கள் கடைக்கண்ணால் பார்த்து, மூக்கு நுனியில் சுட்டுவிரல் வைக்கிறார்கள். பின்னால் இருவரை நிறுத்தி அந்த ஒரு சைகை செய்ய வையுங்கள், வசனமே வேண்டாம்.

தலைவிக்குக் குறுந்தொகை 24. தலைவன் ஊரில் இல்லை, வேம்பு பூத்துவிட்டது, ஊர் நாக்கு புரள்கிறது. ஆற்றோர அத்திப்பழம் ஒன்றை ஏழு நண்டு மிதித்தால் எப்படிக் குழையும், அப்படி இருக்கிறாள். தோழிக்குக் குறுந்தொகை 373: நிலமே பெயர்ந்தாலும் ‘வெவ்வாய்ப் பெண்டிர்’ பேச்சுக்கு அஞ்சி இந்த உறவு கெடாது என்கிறாள். ஒருத்திக்கு வலி, இன்னொருத்திக்குக் கணக்கு.

உரைப்புழு:
ஒத்திகை சறுக்குவது இங்கேதான்: பாட்டைப் படிக்கிறோம், அடியில் உள்ள கூற்றை, அதாவது யார் யாரிடம் சொன்னது என்ற குறிப்பைப் படிப்பதில்லை. 373 தோழி தலைவியிடம் சொன்னது, அதனால் தைரியம். அதே தோழி, தலைவன் வேலிக்குப் பின்னால் நிற்கும் சிறைப்புறக் காட்சிகளில், ஊர் பேசுவதைப் பெரிதாக்கிச் சொல்வாள். அது பயத்தால் அல்ல, அவனைக் கல்யாணத்துக்கு நெருக்கும் வழி (வரைவு கடாதல்). அடுத்த கட்டம் அறத்தொடு நிற்றல், அதாவது காதலை வீட்டாருக்குப் படிப்படியாகத் தெரிவிப்பது: தலைவி தோழியிடம், தோழி செவிலியிடம் (வளர்ப்புத்தாய்), செவிலி நற்றாயிடம் (பெற்ற தாய்), நற்றாய் தந்தை, தமையரிடம். தோழி சொல்லும் விதத்தைத் தொல்காப்பியம் ஏழாகப் பிரிக்கிறது. மேடைக்கு ஏதீடு தோதானது: வெள்ளம் இழுத்தது, அவன் காப்பாற்றினான் என்று ஒரு காரணம் காட்டுவது. ஒரு படியைத் தாண்டி நேராக அப்பாவிடம் ஓடவிட்டால் மரபு தெரிந்தவர் சிரிப்பார்.

குறள்பித்து:
தலைவியை அழுமூஞ்சி ஆக்காதீர்கள். குறள் 1147-இல் ஊரார் பேச்சு எரு, அம்மா திட்டு தண்ணீர், நோய் வளர்கிறது என்கிறாள். அடுத்த குறளில், அலரால் காமத்தை அடக்குவது நெய் ஊற்றித் தீயை அணைப்பது போல என்கிறாள். அவளும் கணக்குப் போடுகிறாள், ஆனால் தன் மனசுக்குள். தோழி வெளியே போடுகிறாள். ஒத்திகையில் தலைவி ஊரைப் பார்க்காமல் பேசட்டும், தோழி ஒரு கண்ணை வேலி மேல் வைக்கட்டும்.

மேடைப்பித்தன்:
அப்படியானால் வேலிக்குப் பின்னால் தலைவன் வேண்டுமே? மூன்றாவது ஆள் கிடையாது. தேர்மணிச் சத்தம் போடலாமா?

நெய்தல்காரி:
மணி கூடாது. ஊருக்குத் தெரியாமல் வருகிறவன் மணியடித்துக்கொண்டு வருவானா? வேலிப் படல் லேசாக அசைந்தால் போதும், அந்த நொடியில் தோழி குரலை ஏற்றட்டும்.