டாஸ் ஒன்றே போதுமா, அன்றாடக் கணினி வேலைக்கு?

கறுப்புத்திரை:
டாஸ் என்றால் விண்டோஸ் பரவும் முன் இருந்த, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம். அதன் இலவச மாற்றான ஃப்ரீடாஸைப் பழைய பென்டியம் லேப்டாப்பில் போட்டிருக்கிறேன். ஸ்விட்சைத் தட்டியதும் கர்சர் வந்து நிற்கிறது. நோட்டிஃபிகேஷன் இல்லை, அப்டேட் தொல்லை இல்லை. டாஸ் செத்துப்போச்சு என்பவர்களுக்கு: மைக்ரோசாஃப்ட் டாஸைக் கைவிடப் போவது தெரிந்ததும் 1994இல் ஜிம் ஹால் என்ற நிரலாளர் தொடங்கியது இந்த ஃப்ரீடாஸ். 1.4 பதிப்பு 2025இல்தான் வந்தது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இன்னும் டாஸில், வேர்ட்ஸ்டார் 4.0 என்ற பழைய எழுத்து மென்பொருளில் எழுதுவதாக 2014இல் டிவி பேட்டியிலேயே சொன்னார். அன்றாடத்துக்கு இது தாராளமாகப் போதும்.

நெய்தல்:
அண்ணா, அந்தப் பேட்டியை முழுசாச் சொல்லுங்க. தன்னிடம் இரண்டு கம்ப்யூட்டர் இருக்குன்னுதான் அவர் சொன்னார். மெயில், இணையம், வரிக் கணக்கு எல்லாம் இன்னொன்றில். டாஸ் மெஷினில் நெட்டே கிடையாது. உங்க சாட்சி என் கட்சிக்குத்தான் பேசுது.

கறுப்புத்திரை:
நெட்டும் வரும் தம்பி. நெட்வொர்க் கார்டை டாஸுக்குப் புரியவைக்கும் பாக்கெட் டிரைவரை ஏற்றி, எம்டிசிபி என்ற இணைய மென்பொருள் தொகுப்பைப் போட்டால் எஃப்டிபி (கோப்புப் பரிமாற்றம்), ஐஆர்சி (அரட்டை) எல்லாம் ஓடும். எழுத்தை மட்டும் காட்டும் லிங்க்ஸ் (Lynx) பிரௌசருக்கு டாஸ் பதிப்பும் இருக்கு. கட்டுரை படிக்க வேறென்ன வேணும்?

நெய்தல்:
இன்றைய இணையதளங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் லிங்க்ஸில் ஓடாது. ரயில் டிக்கெட், பேங்க், கரண்ட் பில் எதுவும் நகராது. இதெல்லாம் இல்லாம என்ன அன்றாடம்?

பழுதுபார்ப்பவன்:
ஹார்டுவேர் பக்கமும் பாருங்க. டாஸுக்கு பழைய பயாஸ் வேணும், அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும் பழைய வகை உள்மென்பொருள். அதற்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ மட்டுமே உள்ள புது மெஷினில் ஃப்ரீடாஸ் பூட்டே ஆகாது. விலை குறைந்த பல பிரின்டர்கள் பக்கத்தை வரைய விண்டோஸ் டிரைவரையே நம்பியிருக்கு. டாஸிலிருந்து அனுப்பினா வெறும் தாள்தான் வரும், இல்லேன்னா குப்பை வரும். பிசிஎல் என்ற பிரின்டர் கட்டளை மொழி புரியும் பிரின்டரா பார்த்து வாங்கணும்.

கறுப்புத்திரை:
பிரின்டர் விஷயம் சரி, நானும் அப்படிப்பட்டதுதான் வைத்திருக்கிறேன். ஆனால் பில் கட்டுவதை போன் பார்த்துக்கொள்ளும். மேசைக் கணினியின் வேலை எழுதுவது, கணக்குப் போடுவது. அதில் டாஸ் என் கவனத்தைச் சிதறவிடுவதே இல்லை. எனக்கு அதுதான் பெரிசு.

நெய்தல்:
எழுதுவதுன்னே வைப்போம். தமிழில் எப்படி எழுதுவீங்க? டாஸின் டெக்ஸ்ட் திரையில் ஒரே நேரத்தில் மொத்தம் 256 எழுத்துக் குறிதான், பெரிதா இழுத்தா 512. இன்னைக்கு எல்லாரும் பயன்படுத்துற எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கொ' அடிச்சா கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்கணும். அதை அடுக்கித் தர டாஸிலேயே உள்ளமைந்த வசதி எதுவும் இல்லை.

கறுப்புத்திரை:
எண்பதுகளிலேயே கனடாவில் இருந்த சீனிவாசன் 'ஆதமி' என்ற மென்பொருளைச் செய்து டாஸில் தமிழ் அடிக்க வழி காட்டிவிட்டார். முடியாது என்பது சரியில்லை.

நெய்தல்:
அவர் செய்தது பெரிய காரியம், அதில் சந்தேகமே இல்லை. ஆனா அது யூனிகோடுக்கு முந்தைய காலம். அந்த மாதிரிக் கோப்பை இன்னைக்கு யாருக்காவது அனுப்பணும்னா முதலில் யூனிகோடுக்கு மாத்தணும். அந்த மாத்துற வேலையை எந்த மெஷினில் செய்வீங்க அண்ணா?