முன்பணம் கொடுத்தவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டுமா?

திருமங்கலம் மல்லி:
அரை ஏக்கர் மல்லி போட்டிருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் ஒரே கமிஷன் கடைக்குத்தான் பூ போகிறது. தங்கச்சி கல்யாணத்துக்கு அந்த முதலாளியிடம் முன்பணம் வாங்கினேன். அன்றிலிருந்து என்ன மருந்து அடிப்பது, எப்போது கவாத்து பண்ணுவது (செடியின் கிளைகளை வெட்டிவிடுவது) எல்லாம் அவர்தான் சொல்கிறார். தை முகூர்த்தத்துக்குப் பூ வேண்டுமாம், புரட்டாசியிலேயே வெட்டச் சொல்கிறார். புதுத் துளிர் ஐப்பசி மழையில் மாட்டும். நான் கார்த்திகையில்தான் வெட்டுவது. மனுசர் கெட்டவர் இல்லை. விலை சரிந்து சென்ட் கம்பெனிக்குப் பூ போகும் நாட்களில்கூட என் கூடையை முதலில் விற்றுத் தருவார். முகம் முறியாமல் எப்படிச் சொல்ல?

மேலூரான்:
கடனை அடைத்துவிட்டு நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு அனுப்புங்கள்.

பழைய கணக்குப்பிள்ளை:
அங்கேயும் ஒரு முதலாளி இருப்பார், அங்கேயும் முன்பணம் இருக்கும்.

கமிஷன் கடையில் கணக்கு எழுதியவன் சொல்கிறேன், அவருக்கும் உங்கள் மேல் பயம் உண்டு. மார்கழி, தைப் பனியில் வரத்து குறைந்து கிலோ 1000 ரூபாயைத் தாண்டும்போது வாடிக்கைப் பூக்காரம்மாக்களுக்குக் கொடுக்கச் சரக்கு இல்லை என்றால், அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். முன்பணம் கொடுத்து வைப்பதே அந்த நாட்களுக்காகத்தான். (வட்டி இல்லை என்பார்கள். கமிஷன் எதற்கு இருக்கிறது?)

முன்கூட்டி வெட்டச் சொல்வதில் விஷயம் இருக்கிறது, அவர் சந்தையைப் பார்த்துச் சொல்கிறார். "அண்ணே, உங்களுக்காக நாலு வரிசை முன்னாடி வெட்டுறேன், மிச்சம் வழக்கம்போல" என்று சொல்லிப் பாருங்கள். கூடை இறங்கும் நேரத்தில் வேண்டாம்; விற்பனை ஓய்ந்து அவர் டீ குடிக்கும்போது சொல்லுங்கள். மருந்துக்கு மட்டும் அவரைக் கேட்காதீர்கள், தோட்டக்கலை அலுவலரிடம் செடியைக் காட்டுங்கள். முதலாளி எந்தக் கடையில் மருந்து வாங்கச் சொல்கிறார்?

அப்புறம் சிட்டை, அதாவது பூ விற்றதற்குக் கடையில் தரும் கணக்குச் சீட்டு. எடை, விலை, கமிஷன், முன்பணப் பிடித்தம் நான்கும் தனித்தனியாக எழுதி வருகிறதா? பாக்கி குறைவது இரண்டு பேர் கண்ணிலும் பட்டால் அவர் பேச்சே மாறும்.

திருமங்கலம் மல்லி:
மருந்துக் கடை அவர் மச்சானுடையது. பிடித்தம் சிட்டையில் வராது, அவர் நோட்டில்தான் இருக்கிறது.

பழைய கணக்குப்பிள்ளை:
சரி, அப்படியானால் முதலில் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கவாத்துப் பேச்சை அதற்கு அப்புறம் எடுக்கலாம்.