கலைச்சொல் விவாதம்: ‘லோ ரேஞ்ச்’, ‘டிஃப் லாக்’ – வெள்ளிக்குள் சொல் வேண்டும்

கோத்தகிரி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். நாலு சக்கரத்தையும் இஞ்சின் இழுக்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்குவோருக்கு எங்கள் மாணவர்கள் ஒரு கையேடு எழுதியிருக்கிறார்கள். தோட்டத்துச் சேற்றிலும் இறங்க வேண்டும், காலையில் பிள்ளைகளைப் பள்ளியிலும் விட வேண்டும் என்று ஒரே வண்டியைத் தேடுகிறவர்கள்தான் மலையில் அதிகம். ஜிப்சி, பழைய தார், பொலேரோ கேம்பர், எம்எம் 540 எல்லாவற்றுக்கும் பொதுவான சோதனைகளை எழுதிவிட்டோம்: சேஸிஸ் துரு, ஸ்பிரிங் பட்டை, முன் அச்சில் ஆயில் கசிவு, டிரான்ஸ்ஃபர் கேஸ் (இஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) சத்தம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.

இரண்டு சொற்களில் சிக்கி நிற்கிறோம். வண்டியை மெதுவாக, ஆனால் பலமாக இழுக்க வைக்கும் கூடுதல் கியர் நிலையான ‘லோ ரேஞ்ச்’ என்பதை ஒரு மாணவர் ‘தாழ்நிலை’ என்று எழுதினார். ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடுவது டிஃபரன்ஷியல்; அதைப் பூட்டி இரண்டையும் ஒன்றாகச் சுழற்றும் ‘டிஃபரன்ஷியல் லாக்’ (டிஃப் லாக்) என்பதை இன்னொருவர் ‘அச்சுத்தாழ்’ என்றார். விளைவு இது: “சேற்றில் இறங்குமுன் தாழ்நிலைக்கு மாற்றுக. ஒரு சக்கரம் வெறுமனே சுழன்றால் தாழ் இடுக.” ஓட்டுநர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டும் ஒரே லிவர் என்று எடுத்துக்கொண்டார். தவறாகப் படித்தால் கியர் உடையும் இடம் இது. உதவுங்கள்.

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாணவர்கள் இருவருமே வேரைத் தொட்டிருக்கிறார்கள். மோதல் வந்தது அதனால்தான். தாழ்தல் என்றால் கீழிறங்குதல். கதவின் மரத்தண்டு குழிக்குள் தாழ்வதால் அதற்குத் தாழ் என்று பெயர் வந்தது என்பது என் துணிபு. “அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ்” என்று வள்ளுவர் கேட்பது அந்தத் தாழைத்தான். தாழ்வாரம், தாழி, தாழ்வடம் எல்லாம் ஒரே குடும்பம். தாழையையும் இதில் சேர்க்கலாம் என்பேன். அதன் விழுதுகளைப் பாருங்கள். அதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

முடிவாக: ‘தாழ்’ என்பதைப் பூட்டுக்கே விட்டுவிடுங்கள். லோ ரேஞ்சுக்குச் சங்கச் சொல் ஒன்று காத்திருக்கிறது. புறநானூறு 102இல் ஔவையார் உமணரின் உப்பு வண்டியைப் பாடுகிறார். எருதுகள் இளையவை, பாரமோ பெரிது. “அவல் இழியினும் மிசை ஏறினும்” என்ன ஆகுமோ என்று அஞ்சி அடிமரத்தில் சேம அச்சு, அதாவது மாற்று அச்சு, ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறுகிற வண்டியின் நிலை இதைவிடத் தெளிவாக எங்கே பாடப்பட்டிருக்கிறது? மிசை என்றால் மேடு, கியருக்குப் பல்; ‘மிசைப்பல்’ என்று சொல்லுங்கள். ஸ்டெப்னிக்குச் ‘சேமச் சக்கரம்’ என்று சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

கூடலூர், ஜீப் ஓட்டுநர்:

ஐயா வணக்கம்ங்க. நாங்க எல்லாரும் சொல்றது ‘லோ போடு’. முப்பது வருசமா அதான். மிசைன்னு எழுதினா எங்க ஸ்டாண்டுல பாதிப் பேரு மீசைன்னுதான் படிப்பாங்க.

அதைவிட முக்கியம், லோ ஏத்தத்துக்கு மட்டும் இல்லைங்க. தேயிலைத் தோட்டத்துல மழை நேரம் செம்மண்ணுல இறங்குறப்ப லோ போட்டு, முதல் கியர்ல, பிரேக்கைத் தொடாம விட்டுடணும். இஞ்சினே வண்டியப் பிடிச்சுக்கும். பிரேக்கை மிதிச்சா நாலு வீலும் நின்னு வண்டி சறுக்கும். மேட்டைக் காட்டுற பேரு வச்சா இறக்கத்துல போடக் கூடாதுன்னு ஆளுங்க நினைச்சுருவாங்க.

இன்னொண்ணையும் புக்குல கொட்டை எழுத்துல போடுங்க. காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல் போடவே கூடாது. கொண்டை ஊசியில முன் வீலும் பின் வீலும் வேற வேற தூரம் ஓடும். நடுவுல ரெண்டையும் கட்டி வச்சிருந்தா எங்க போய் விட்டுக்கொடுக்கும்? டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் வாங்கும். கல்லட்டி மலைப் பாதையில 36 வளைவு. ஜிப்சியிலயும் பழைய தார்லயும் லோ போட்டா ஃபோர் வீலும் சேர்ந்தே விழும். அதனால அங்க டூ வீல்லயே முதல், ரெண்டாம் கியர்ல இறங்கணும்.

பண்ணைக்காடு, காப்பித் தோட்டக்காரர்:

கூடலூர் அண்ணன் சொல்வது சரி. எங்கள் பழனி மலைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் டயர்ப் பட்டனை நிரப்பிவிடும். லோ இல்லாமல் தோட்டத்திலிருந்து மேலே வரவே முடியாது. ஆனால் வழுக்கலில் நமக்கு உதவுவது வேகம் குறைவதால் கிடைக்கும் வலு. பழைய வில்லிஸ் சிஜே 3பி ஜீப்பில் லோ விகிதம் 2.46. வேகம் அத்தனை மடங்கு குறையும், சக்கரத்தைத் திருப்பும் விசை அத்தனை மடங்கு கூடும். எது குறைகிறது என்று பெயர் வைப்பானேன்? எது கிடைக்கிறதோ அதைச் சொல்லுவோம். ஹை என்பது ‘விரைநிலை’, லோ என்பது ‘வலுநிலை’. ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் பொருந்தும்.

கையேட்டில் டயர் பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள்? ஜிப்சி வாங்கும் இளைஞர்கள் முதலில் செய்வது 205/70 ஆர் 15ஐக் கழற்றிவிட்டு 235/75 போடுவது. டயர் விட்டம் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. மீட்டர் 50 காட்டும்போது வண்டி 55இல் போகும். லோவில் கிடைத்த வலுவிலும் அதே அளவு போய்விடும். அதற்குமேல் இரும்பு பம்பர், கூரைக் கேரியர், சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச். பேராசிரியர் ஐயா, கையேட்டின் முதல் அதிகாரத்துக்கே “பீலிபெய் சாகாடும் அச்சிறும்” என்ற குறள் வரியைத் தலைப்பாக வைக்கலாம். மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்? சட்டமும் அதே பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் தந்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய வண்டி வாங்குகிறவர் ஆர்சி புத்தகத்தையும் வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தினமும் ஓட்டும் வண்டிக்கு நல்ல டயரும், சரியான காற்றும், புதுப் பட்டையும் போதும்.

கோத்தகிரி, இயற்பியல் ஆசிரியை:

அண்ணா, ‘வலுநிலை’ அழகான சொல். எனக்கு ஒரு தடை இருக்கிறது. என் அப்பா சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியிலிருந்து இங்கே தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். இலங்கைப் பாடநூல்களில் வலு என்பது நாம் ‘திறன்’ என்று சொல்கிறோமே, அந்த வாட்டில் அளக்கும் ராசி. லோ போட்டால் திறன் கூடுவதில்லை. இஞ்சின் தருவது அதேதான். திருப்புவிசை கூடுகிறது, சுழற்சி குறைகிறது, பெருக்கினால் பழைய கணக்கே வரும். வலுநிலை என்றால் அங்கே படித்தவருக்கு அது பிழையான இயற்பியல். ‘முறுக்குநிலை’ என்று வைக்கலாமே? முறுக்குவிசை என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

அங்கே சக்கரத்தைச் சில்லு என்பார்கள். ‘நாலுசில்லு இழுவை’ என்று சொல்லிப் பாருங்கள், நாவில் நன்றாக உருள்கிறது.

கூடலூர், ஜீப் ஓட்டுநர்:

டீச்சர், முறுக்குன்னா எங்களுக்கு ஆக்சிலேட்டரை முறுக்குறது. சேத்துல அதைச் செய்யவே கூடாது. முறுக்கினா வீல் குழி தோண்டிக்கும். வேண்டாம்ங்க.

உதகை, மெய்ப்புத் திருத்துநர்:

பல் என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்லாறு முதல் குன்னூர் வரை நம் மலை ரயில் நடுவில் உள்ள பல் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டுதான் ஏறுகிறது. 1899 முதல் இந்த மலைக்காரர்களுக்குப் பல் என்றால் ஏற்றம் என்று தெரியும். ‘ஏற்றப்பல்’ இயல்பான சொல். இறக்கத்திலும் அதே பல்தான் ரயிலைத் தாங்குகிறது என்பதால் கூடலூர் அண்ணனின் கவலைக்கும் இடமில்லை.

அடுத்து டிஃப் லாக். அகராதிகளில் டிஃபரன்ஷியலுக்கு ‘வேறுபாட்டுப் பல்லிணை’, ‘வகையீட்டுப் பல்லிணை’ என்று பார்க்கிறேன். அதன்மேல் பூட்டையும் ஏற்றினால் சொல் ஒரு வரி நீளும். ‘அச்சுப்பூட்டு’ போதாதா?

குன்னூர், பேராசிரியர்:

பூட்டு என்பதற்கு முதற்பொருள் இணைத்தல். ஏர் பூட்டு, தேர் பூட்டு, வில்லில் நாண் பூட்டு. வண்டி பூட்டினால் புறப்படப் போகிறோம் என்று பொருள். கதவுப் பூட்டு பின்னால் வந்த பொருள். நாலு சக்கரத்தையும் இஞ்சினோடு பூட்டுகிற முழு ஏற்பாட்டுக்கும் அது உரிய சொல். லாக்குக்கு மட்டும் கொடுத்துவிடக் கூடாது. ஃபோர் வீல் டிரைவுக்கே ‘நாற்பூட்டு’ என்று வையுங்கள்.

பண்ணைக்காடு:

ஐயா, அச்சுப்பூட்டு என்றால் வாங்குகிறவர் ஸ்டியரிங் பூட்டு மாதிரி திருட்டுத் தடுப்பு என்று நினைப்பார். லாக் செய்வது என்ன? பூட்டாத டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால் அது மட்டும் சும்மா சுற்றும். மண்ணில் இருக்கும் சக்கரம் அசையாது. லாக் இரு பக்க அச்சையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. அதனால் ‘அச்சுப்பிணை’. 2021 ஃபோர்ஸ் கூர்க்கா வண்டியில் முன் அச்சிலும் பின் அச்சிலும் உண்டு. ஜிப்சியில் கம்பெனி கொடுத்தது கிடையாது. விற்கிறவர் இருக்கிறது என்றால் எங்கே என்று காட்டச் சொல்ல வேண்டும்.

கூடலூர்:

பிணைன்னா கோர்ட்டு ஞாபகம் வருதுங்க. ஆனா அண்ணன் சொன்ன விளக்கம் நல்லா இருக்கு, அதை அப்படியே போடுங்க.

கோத்தகிரி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘வலுநிலை’யை ஏற்கிறார்கள், அல்லது எதிர்க்கவில்லை. முதல் முறை வரும் இடத்தில் ‘வலுநிலை, லிவரில் 4எல், பேச்சில் லோ’ என்று போடுகிறேன். ஆசிரியை அவர்களின் தடை நியாயமானது. திறன் கூடுவதில்லை, திருப்புவிசைதான் கூடுகிறது என்று அதன் கீழேயே ஒரு வரி சேர்க்கிறேன். மாணவர்களுக்கும் அது தேவை. டிஃப் லாக் இந்தப் பதிப்பில் டிஃப் லாக்காகவே இருக்கும். பண்ணைக்காட்டு அண்ணனின் விளக்கம் பக்கத்தில் வரும். தார் ரோட்டு எச்சரிக்கை தனிக் கட்டத்தில்.

உதகை:

சரி. ‘ஏற்றப்பல்’ அடுத்த பதிப்பிலாவது பேசப்பட வேண்டும். சேமச் சக்கரம் பற்றி ஒரு செய்தி: வேல்ஸில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904இல் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருப் பெயர்தான் நம் ஊர்ப் பஞ்சர் கடை வரை வந்திருக்கிறது. அதை மாற்ற எனக்கு மனமில்லை.

குன்னூர், பேராசிரியர்:

தெருப் பெயருக்கு இருக்கும் உரிமை உமணரின் சேம அச்சுக்கு இல்லையா? இதில் நான் இறங்கி வர மாட்டேன். ‘வலுநிலை’க்கு என் மறுப்பையும் பதிவு செய்துகொள்ளுங்கள். நிலை என்ற சொல் எதற்கும் ஒட்டும், எதையும் சொல்லாது. ‘வலுப்பல்’ என்றிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். தாழை மடல் நாளை வரும்.

கூடலூர்:

வாத்தியாரே, பிரிண்ட்டுக்குப் போறதுக்குள்ள ஒரு வரி. வண்டி வாங்கப் போறப்ப மண் ரோட்டுல நிறுத்தி, கிளட்சை மிதிச்சு லோவுல விழுதான்னு பாக்கணும். விழுந்தா முன்னாலயும் ரிவர்சுலயும் கொஞ்ச தூரம் ஓட்டி, லிவர் தானா வெளிய குதிக்குதான்னு பாக்கணும். குதிச்சா விலையக் குறைச்சுக் கேளுங்க, இல்லன்னா விட்டுருங்க.